கிள்ளான் சந்தில் ஓர் அநாதைக் கம்பி

அத்தியாயம் 6

கம்பியை விற்றுவிடலாம் என்று சீதாலெட்சுமி முடிவெடுத்தபோது அவள் வாயில் பாதி இட்லி இருந்தது.

“எந்தக் கம்பி?” என்றான் முகுந்தன்.

“கிள்ளான் கம்பி.”

“அது நம்ம கம்பி இல்ல பாஸ்.”

“பின்ன யார் கம்பி?”

“அதைத்தானே ரெண்டு வாரமா தேடிக்கிட்டிருக்கோம். தெரியாது.”

“யாருதுன்னே தெரியாதப்ப, நம்மளது இல்லன்னு மட்டும் நீ எப்படிச் சொல்ற?”

முகுந்தன் வாயைத் திறந்தான். திறந்த வாயில் வடையைப் போட்டுக்கொண்டான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடி. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, ‘சீதாலெட்சுமி துப்பறியும் சேவை’ என்று ஒரு பலகை. அங்கேதான் இருவரும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், நல்ல காரைத் தானே மரத்தில் மோதிவிட்டு மரத்தின்மேல் பழிபோடுகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் சீதாலெட்சுமி. முகுந்தன் முன்பு சாப்பாடு டெலிவரி செய்தவன். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. தெரியாதது வாயடக்கம் மட்டும்தான்.

பொய்யர்களைப் பிடிப்பது சீதாலெட்சுமிக்குக் கைவந்த கலை. இந்த வழக்கில் அவளைக் குழப்பியது வேறு. யாருமே பொய் சொல்லவில்லை.

வழக்கு இதுதான். கிள்ளானில் எவலின் என்ற பெண்மணி ஒரு முதியோர் இல்லம் நடத்துகிறார். ரோஸ் நிறத்தில் ஒரு மூலை வீடு, எட்டு முதியவர்கள். வீட்டுக்குப் போக ஒரே ஒரு சந்துதான் உண்டு. அந்தச் சந்தின் வாயில் இரண்டு கம்பங்கள், நடுவே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. எல்லாவற்றிலும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. ஆள் குனிந்து போகலாம், மோட்டார்சைக்கிள் ஓரமாக நுழையலாம். ஆம்புலன்ஸ் நுழையாது. மூன்று மாதத்துக்கு முன் ரபேல் என்ற பெரியவருக்கு மூச்சு முட்டியபோது, அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்து முனைவரை ஓடினார்கள்.

அதைக் கேள்விப்பட்ட தீயணைப்பு அதிகாரி திமோத்தி நேரில் வந்து பார்த்தார். “எங்க வண்டி வாசல்வரைக்கும் வரணும் சிஸ்டர். வராட்டி இல்லத்துப் பெர்மிட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். நியாயமான பேச்சு. பெர்மிட் இன்றோடு முடிகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் திமோத்தி வண்டியோடு வருவார். கம்பி அப்போதும் அங்கே நின்றால் நாளைக்கு இல்லத்துக்குப் பூட்டு. எட்டுப் பேரில் ஏழு பேருக்கு ரவாங்கிலோ சுபாங் ஜெயாவிலோ யாரோ ஒரு மகனோ மருமகனோ முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைத் திறப்பார்கள். ரபேலுக்குக் கதவும் கிடையாது, சுளிக்க ஆளும் கிடையாது.

கம்பியை எடுக்கச் சொல்லி எவலின் ஏறாத படி இல்லை. சாலை இலாகா எங்களுடையது இல்லை என்றது. வடிகால் இலாகாவும் அதையே சொன்னது. விளக்குக் கம்ப இலாகா அதையே கொஞ்சம் பணிவாகச் சொன்னது. சரி, நாமே அறுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டபோது மட்டும் மூன்று இலாகாவுக்கும் ஒரே குரல் வந்தது. பொதுச்சொத்து, தொட்டால் போலீஸ் கேஸ், இல்லத்துப் பெர்மிட்டும் போய்விடும்.

“யாருக்கும் சொந்தமில்லாத அரசாங்கச் சொத்து” என்றான் முகுந்தன். “அநாதைப் பிள்ளைக்கு ஆயிரம் காவல்காரன்.”

“அதான் விக்கப்போறோம்” என்றாள் சீதாலெட்சுமி கையைக் கழுவிக்கொண்டே. “கீழ பேனர் கடையில போய் எழுதி வாங்கிட்டு வா. மலாயிலயும் தமிழ்லயும். ‘இந்தக் கம்பி விற்பனைக்கு. உரிமையாளரின் நேரடி விற்பனை.’ உன் போன் நம்பரைப் பெரிசாப் போடு.”

“என் நம்பர் எதுக்கு பாஸ்?”

“என் நம்பருக்கு ஒரு மரியாதை இருக்கு.”

*

பேனர் கம்பியில் ஏறியபோது கிள்ளான் வெயில் உச்சந்தலையைத் தொட்டிருந்தது. சந்து முனையில் நின்றபடி முகுந்தன் சீதாலெட்சுமி சொல்லச் சொல்ல மூன்று இலாகாக்களின் புகார் எண்களுக்கும் செய்தி அனுப்பினான்.

“‘கம்பியை எடுங்க’ன்னு அனுப்பாத. அதை எவலினக்கா மூணு மாசமா அனுப்பியாச்சு. ‘உங்க கம்பியை எவனோ விக்கிறான்’னு அனுப்பு.”

“எவனோங்கிறது நான்தானே பாஸ்?”

“உன் பேரை நீயே எழுதணும்னு அவசியமில்ல.”

எவலின் வாசலிலிருந்து நடந்து வந்தார். அறுபதைத் தொட்ட வயது, வெள்ளைக் கவுன், கழுத்தில் சிலுவை. இந்த மூன்று மாதத்தில் எல்லா கவுன்டரிலும் கை கூப்பிக் கூப்பி, இப்போது தபால்காரரைப் பார்த்தால்கூடக் கை தானாகக் கூடிவிடுகிறது. பேனரை ஒருமுறை படித்தார். இன்னொருமுறையும் படித்தார்.

“சீதா, இது ஜெயில் கேஸ் இல்லையா?”

“விக்க யாருக்கு உரிமை இல்லையோ அவங்கதான் ஜெயிலுக்குப் போகணும்க்கா. எனக்கு உரிமை இல்லன்னு சொல்றவரு, யாருக்கு இருக்குன்னும் சேர்த்துச் சொல்லணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரபேல் குரல் கொடுத்தார். “யாராச்சும் வாங்கிட்டா என்னம்மா பண்ணுவே?”

“டெலிவரி இல்லன்னு சொல்லிருவோம் அங்கிள்” என்றான் முகுந்தன்.

போன் அடித்தது. பழைய இரும்புக்கடைக்காரர். எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார். அடுத்தது சுபாங் ஜெயாவிலிருந்து ஓர் அம்மாள். எங்கள் வீட்டுச் சந்துக்கும் இதேபோல ஒன்று வேண்டும், ஆனால் பட்டை பச்சையில் இருந்தால் நல்லது, நாத்தனாருக்கு மஞ்சள் பிடிக்காது என்றார். மூன்றாவது போனில் ஒரு முரட்டுக் குரல்.

“யாருப்பா நீ, அரசாங்கச் சொத்தை விக்கறதுக்கு?”

“எந்த அரசாங்கம் சார் பேசறது?” என்றான் முகுந்தன் அடக்கமாக.

“அங்கேயே இரு. வரேன்.”

மூன்று மாதம் வராதவர்கள், வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறுவதற்குள் வந்து சேர்ந்தார்கள். மூன்று வண்டிகள். ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்று சந்து முனையை இன்னும் நன்றாக அடைத்தன.

சாலை இலாகாவிலிருந்து வந்தவர் கமலநாதன். மீசையை அவர் வளர்த்தாரா, மீசை அவரை வளர்த்ததா என்று சொல்ல முடியாது. வடிகால் இலாகாவிலிருந்து நெட்டையாக ஒரு மலாய் இளைஞர். விளக்குக் கம்ப இலாகாவிலிருந்து, குடை பிடித்த ஒரு சீன அம்மாள். பேச்சு மலாயும் தமிழும் ஆங்கிலமுமாகத்தான் ஓடியது. இங்கே தமிழில்.

“பேனரைக் கழட்டு” என்றார் கமலநாதன்.

“கழட்டறேன் சார்” என்றாள் சீதாலெட்சுமி. “கம்பி உங்களுதா?”

“எங்களுது இல்ல.”

“அப்ப நீங்க எதுக்கு சார் கோபப்படறீங்க?”

கமலநாதன் மீசையைத் தடவினார். “பெயிண்ட் எங்களுது.”

“பெயிண்ட்டா?”

“நாங்க தார் போட வந்தப்ப இந்தப் பக்கம் ஒத்தைக் கம்பம் ஒண்ணு நின்னுச்சும்மா. எந்த இலாகாவோ வெச்சிருக்காங்க, நாம எடுத்து வம்புல மாட்டக்கூடாதுன்னு சுத்தித் தார் போட்டோம். இருட்டுல எவனும் முட்டிக்கக் கூடாதேன்னு மஞ்சள் கறுப்பு அடிச்சு விட்டோம். ஒரு நல்லெண்ணம்தான்.”

குடைக்குள்ளிருந்து அம்மாள் பேசினார். “நாங்கள் கேபிள் போட வந்தபோது ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் கறுப்புக் கம்பம் இருந்தது. மறுபக்கத்துக் கம்பம் விழுந்து போயிருக்க வேண்டும் என்று நினைத்தோம். எங்கள் லோரிதான் இடித்ததோ என்று பயம் வேறு. புதிதாக ஒன்று நட்டுக் கொடுத்தோம்.”

எல்லோரும் வடிகால் இளைஞரைப் பார்த்தார்கள். அவர் கழுத்தைச் சொறிந்தார்.

“ரெண்டு கம்பம் இருந்தது. நடுவில் கம்பியைக் காணோம். இரும்புத் திருடர்கள் வேலை என்று எழுதி அனுப்பினோம். கால்வாய் வேலைக்கு வந்தபோது புதுக் கம்பி மாட்டினோம்.” கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். “நன்றிகூட யாரும் சொல்லவில்லை.”

முகுந்தன் கைகூப்பினான். “ரொம்ப நன்றி சார்.”

“ஆகக்கூடி, கம்பி உங்களுது” என்றாள் சீதாலெட்சுமி. “எடுத்துருங்க.”

“எப்படி எடுப்பது? கம்பி இரண்டு கம்பத்தில் நிற்கிறது. கம்பத்துக்காரர்கள் சொல்ல வேண்டும்.”

குடை அசைந்தது. “என் கம்பம் முதல் கம்பத்துக்கு ஜோடி. முதல் கம்பத்துக்காரர் சொன்னால் எடுத்துவிடுகிறேன்.”

“முதல் கம்பத்துல நான் பெயிண்ட் மட்டும்தான்” என்றார் கமலநாதன் அவசரமாக.

எங்கோ பெரிய ரோட்டில் கனமான வண்டியின் ஹார்ன் கேட்டது. எவலின் திடுக்கிட்டுத் திரும்பினார். மீன் லோரிதான். ஆனால் அவர் முகத்தில் போன ரத்தம் திரும்பி வரவில்லை.

“சீதா, அவங்க வந்துருவாங்க. ரபேலை நான் என்னன்னு சொல்லி அனுப்புவேன்? எங்கன்னு அனுப்புவேன்?”

சீதாலெட்சுமி முதல் கம்பத்தின் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய் இரண்டாவது கம்பத்தின் காலடியிலும் உட்கார்ந்தாள். திரும்ப முதல் கம்பத்துக்கே வந்தாள்.

“பாஸ், மூட்டு வலிக்குதா?”

“முகுந்தா, அந்தக் கம்பம் எப்படி நிக்குது பாரு.”

“நேரா, மண்ணுக்குள்ள இறங்கியிருக்கு.”

“இது?”

முகுந்தன் குனிந்தான். முதல் கம்பம் மண்ணில் இறங்கவில்லை. உருண்டையான ஒரு மேட்டின் நடுவில் நின்றது. சுற்றிலும் தார் ஏறியிருந்ததால் மேடு முக்கால்வாசி புதைந்திருந்தது. எந்த இலாகாவும் கம்பத்தை உருண்டை மேட்டின்மேல் நடுவதில்லை.

“எவலினக்கா, மசாலா அரைக்கிற குழவி இருக்கா?”

குழவி வந்தது. சீதாலெட்சுமி ஓங்கினாள்.

“பொதுச்சொத்தைச் சேதப்படுத்தாதே” என்று கமலநாதன் முன்னால் வந்தார்.

“எந்த இலாகாவோட பொதுச்சொத்து? கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்.”

ஒரு கையும் எழவில்லை. குடை மட்டும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

முதல் அடியில் மஞ்சள் உரிந்தது. இரண்டாவது அடியில் டங் என்று ஒரு சத்தம். கல்லின் சத்தம் இல்லை, தகரத்தின் சத்தம். துருப்பிடித்த விளிம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. விளிம்பில் கைப்பிடி மாட்டும் காது.

முகுந்தன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். “பாஸ், இது கம்பமே இல்ல. பெயிண்ட் டின்னு.”

மலேசியாவில் கார் வைத்திருக்கும் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வீட்டு வாசலில் வேறு எவனும் காரை நிறுத்தக்கூடாது என்றால், காலி பெயிண்ட் டின்னில் சிமெண்டை ஊற்றி, நடுவில் ஒரு குழாயை நட்டு, ரோட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கேட்டுச் செய்வதில்லை. கேட்கவும் யாரும் வருவதில்லை. ரோட்டில் இடம்பிடிக்க இந்த நாட்டில் ஒவ்வொரு தாமான் குடியிருப்பிலும் இருக்கும் வழக்கம் அது.

“மூணு இலாகாவும் மரியாதை செலுத்தியிருக்கறது ஒரு டின்னுக்கு” என்றான் முகுந்தன். “இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா டத்தோ பட்டம் குடுத்திருப்பாங்க.”

சீதாலெட்சுமி டின்னின் உள்விளிம்பை விரலால் சுரண்டினாள். காய்ந்துபோன பெயிண்ட் அவள் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ரோஸ்.

கமலநாதன் திரும்பி வீட்டைப் பார்த்தார். வடிகால் இளைஞர் பார்த்தார். குடை பின்னால் சாய்ந்து பார்த்தது. நாற்காலியில் இருந்த ரபேல்கூடக் கழுத்தை வளைத்துச் சுவரைப் பார்த்துவிட்டு, அப்புறம் எவலினைப் பார்த்தார்.

எவலின் சந்தின் ஓரத்துக் கட்டையில் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் வெச்சது டின்னு” என்றார். “இது கம்பி.”

“டின்னு பிள்ளை, கம்பி பேரன்” என்றான் முகுந்தன்.

“சும்மாயிரு” என்றாள் சீதாலெட்சுமி. “எதுக்குக்கா வெச்சீங்க?”

“எதிர்க்கடைக்கு வர்றவங்க எல்லாரும் காரை இங்கதான் அடைச்சுப் போடுவாங்க. ஆம்புலன்ஸ் வந்தா நுழைய வழி வேணுமேன்னுதான் வெச்சேன். கொஞ்ச நாள்ல வந்து பார்த்தா மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருக்கு. அரசாங்கமே பொறுப்பெடுத்துக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டேன். ஜெபத்துல நன்றிகூடச் சொன்னேன்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆம்புலன்ஸ் வரணும்னு வெச்சதுதான் ஆம்புலன்ஸை நிறுத்திச்சா?”

முதலில் தெளிந்தவர் கமலநாதன்தான். ஆள் கிடைத்துவிட்டது. மூன்று இலாகாவும் நிரபராதி. சட்டைப் பையிலிருந்து நோட்டீஸ் கட்டை எடுத்தார். அவர் முகத்தில் பல மாதப் பாரம் இறங்கிய சுகம்.

“பொதுச் சாலையில் தடை ஏற்படுத்தினது பெரிய குற்றம் மேடம். சொந்தக்காரர் நீங்கன்னு இப்ப நிரூபணமாயிடுச்சு. இன்னிக்கே, இப்பவே அகற்றணும். தவறினா நாங்களே அகற்றிருவோம்.”

எவலினின் கைகள் பழக்கப்படி குவிய ஆரம்பித்தன. சீதாலெட்சுமி அவர் தோளைத் தொட்டாள்.

“சார், கடைசியில சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. அக்காவுக்குச் சரியாக் கேக்கல.”

“தவறினா நாங்களே அகற்றிருவோம்னேன்.”

குவியப்போன கைகள் பாதியில் நின்றன. எவலின் கமலநாதனைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், வாசலில் இருந்த ரபேலைப் பார்த்தார். அப்புறம் கைகளைப் பிரித்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த இடம் அந்தக் கைகளுக்குப் புதிது.

“எடுக்க மாட்டேன்” என்றார்.

“என்னது?”

“எடுக்க மாட்டேன். என்ன செய்வீங்க?”

“மேடம், இது சட்டம்.”

“சட்டம் வந்து தூக்கட்டும். இந்த வயசுல நான் எதுக்கு இரும்பு தூக்கணும்?”

கமலநாதனின் மீசை துடித்தது. கெஞ்சியவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். அவர்களைக் காத்திருக்கச் சொல்லியே அவருக்குப் பழக்கம். முறைத்து நிற்கும் ஒருவருக்கு என்ன பதில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான். போனை எடுத்தார். “லோரியை அனுப்பு. கிரேனோட. இப்பவே.”

“கம்பி எங்களுடையது” என்றார் வடிகால் இளைஞர். “அதை உங்கள் லோரியில் ஏற்ற முடியாது.” அவரும் போனை எடுத்தார்.

“கம்பத்தை எங்கள் ஆட்கள்தான் பிடுங்குவார்கள்” என்றது குடை.

“அடேங்கப்பா” என்றான் முகுந்தன் தணிந்த குரலில். “கும்பிட்டா ஒரு சைக்கிள்கூட வரல. முறைச்சா மூணு லோரி.”

“புகார்னா அவங்களுக்கு வேலை. மீறல்னா மானப் பிரச்சனை” என்றாள் சீதாலெட்சுமி. “டீயைக் குடி, ஆறுது.”

கம்பி போனது. ஜோடிக் கம்பம் போனது. கடைசியில் ரோஸ் டின் தாரைப் பெயர்த்துக்கொண்டு, பல் பிடுங்கிய சத்தத்தோடு மேலே வந்தது. சாட்சிப் பொருள் என்று அதைக் கமலநாதன் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். இலாகா லோரிகள் ஒவ்வொன்றாக வழிவிட்டு ஒதுங்க, அவற்றுக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு வண்டி மூக்கை நீட்டியது. திமோத்தி முன்சீட்டில் எழுந்து நின்றபடியே வந்தார்.

தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். ரோஸ் வீட்டு வாசலில், ரபேலின் நாற்காலிக்கு முன்னால் வந்து மூச்சு விட்டு நின்றது. ரபேல் கையை நீட்டி அதன் பம்பரைத் தடவினார், மாட்டைத் தடவுவதுபோல.

திமோத்தி வேறெதுவும் கேட்கவில்லை. வண்டியின் பக்கவாட்டிலேயே பெர்மிட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டு எவலினிடம் கொடுத்தார். எவலின் அதை வாங்கிக்கொண்டு, படிக்காமல், ரபேலின் மடியில் வைத்தார்.

“அப்ப நான் எங்கயும் போகலியா?” என்றார் ரபேல்.

“எங்க போவீங்க? சாயங்காலம் மீன்குழம்பு.”

கமலநாதன் தொண்டையைச் செருமினார். கையில் போனைப் படம் எடுக்கும் வாக்கில் பிடித்திருந்தார். பக்கத்தில் மற்ற இரண்டு இலாகாவும் தலைவாரி நின்றன.

“திமோத்தி, வண்டியைக் கொஞ்சம் வெளிய எடுங்க. தடையை அகற்றியாச்சுன்னு ரிப்போர்ட் அனுப்பணும். சந்து காலியா இருக்கற மாதிரி ஒரு படம் வேணும்.”

“சந்து காலியா இருக்கறதுனாலதானே சார் வண்டி உள்ள நிக்குது?”

கமலநாதன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “அது சரி. ஆனா படத்துல தெரியணுமே.”

திமோத்தி எவலினைப் பார்த்தார். எவலினின் கைகள் இன்னும் இடுப்பிலேயே இருந்தன.

“எடுக்காதீங்க தம்பி” என்றார். “உள்ள வந்து சாப்பிடுங்க.”

திமோத்தி வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வேறு வழியில்லாமல் மூன்று இலாகாவும் அப்படியே நின்று படம் எடுத்துக்கொண்டன. அன்று மாலையே அது கோப்பில் சேர்ந்தது. சந்து முற்றிலும் காலியாக இருப்பதற்கு அதுதான் அரசாங்க ஆதாரம். படத்தில் சந்து நிறைய ஒரு சிவப்பு வண்டி நிற்கிறது.